வந்தவரும் உரியவரும்: இலங்கையின் ஆதி மனிதர் பற்றி

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு இலங்கை முழுவதும் ஐந்தே நிமிடம் நீடித்த ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பயிர்களுக்குச் சேதம் விளைக்கும் விலங்குகளைத் தத்தம் வளவிலும் தோட்டத்திலும் கண்ட அளவில் எண்ணி எழுதித் தருமாறு அரசாங்கம் மக்களைக் கேட்டிருந்தது. எண்ணப்பட்டவற்றுள் செங்குரங்கு, மந்தி, மலையணில், மயில் ஆகியன முக்கியமானவை. மாத்தளை மாவட்டத்தில் பல்லேபொல போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இந்தப் பட்டியலை யாரும் விளக்க வேண்டியதில்லை. தென்னங் குரும்பையும் வாழைக்குலையும் மரக்கறிப் பாத்தியும் யாருக்குப் போகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும்.

மயிலை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ இதே பட்டியல் இன்னோர் இடத்திலும் இருக்கிறது. களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்கள என்ற ஊருக்கு அண்மையில் பஹியங்கல என்றொரு பெருங்குகை உள்ளது. சீன யாத்திரிகரான பாஹியன் தங்கிய இடமென்று ஐதிகம் சொல்வதால் அந்தப் பெயர். அக்குகையின் மண்படைகளிலிருந்து எடுக்கப்பட்ட 14,000க்கும் மேற்பட்ட விலங்கெலும்புத் துண்டுகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஓஷான் வெதகே, பற்றிக் றொபேட்ஸ், மைக்கல் பெற்றாக்லியா முதலானோர் அதில் பங்குகொண்டவர்கள். எலும்புகளில் பெரும்பங்கு குரங்குகளுக்கும் அணில்களுக்கும் உரியவை: செங்குரங்கு, மந்தி, மலையணில். வெட்டுக்காயங்களும் சுட்ட தடங்களும் அவற்றில் இருந்தன. காலம் இற்றைக்கு ஏறக்குறைய 45,000 ஆண்டுகளுக்கு முன்.

ஆக, இத்தீவில் மனிதனுக்கும் குரங்குக்கும் இடையிலான வழக்கு ஐந்து நிமிடக் கணக்கெடுப்பில் தொடங்கியதல்ல. மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்வியைப் பேசும்போது நாம் வழக்கமாக இலண்டனையும் டார்வினையும் நினைக்கிறோம். அந்தக் கேள்விக்கு நம் காலடி மண்ணே தரக்கூடிய விடைகள் சில இருக்கின்றன. நம்மை இன்று பெரிதும் வருத்துகிற வேறொரு கேள்விக்கும் அவை விடை சொல்கின்றன. இந்நாட்டில் யார் முதலில் வந்தவர், யார் வந்தேறி என்பதுதான் அந்தக் கேள்வி.

சாச்சாவின் மகன்

"மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று டார்வின் சொன்னார்" என்பது நம்மிடையே பரவலாக உள்ள பேச்சு. அப்படியானால் இன்றைய குரங்குகள் ஏன் மனிதராகவில்லை என்ற கேள்வியும் அதைத் தொடர்ந்து வரும். கேட்பவர் வென்றுவிட்டதாகவும் நினைப்பார். ஆனால் டார்வின் சொன்னது அதுவல்ல.

1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலில் அவர் மனிதனைப் பற்றி அநேகமாக எதுவும் எழுதவில்லை. 1871இல் வெளிவந்த 'மனிதனின் மரபு' என்ற நூலில்தான் அதைத் துணிந்து பேசினார். அதிலும், இன்று மரத்தில் தாவும் குரங்கு நம் மூதாதை என்று அவர் கூறவில்லை. நமக்கும் அதற்கும் மிகப் பழைய காலத்தில் ஒரே மூதாதை இருந்தது என்றே கூறினார். எனக்கும் என் சாச்சாவின் மகனுக்கும் மூத்தாப்பா ஒருவரே. அதற்காக நான் சாச்சாவின் மகனுக்குப் பிறந்தவன் என்று யாரும் சொல்வதில்லை. அவன் ஏன் இன்னும் நானாக மாறவில்லை என்று கேட்பதிலும் பொருளில்லை. அவனவன் வழியில் அவனவன் வளர்ந்தான். உயிரினங்களின் கூர்ப்பும் இவ்வாறானதே.

உறவின் தூரத்தையும் இன்று ஓரளவு கணிக்க முடிகிறது. செங்குரங்கு முதலானவற்றின் வழியும் வாலில்லாக் குரங்குகளின் வழியும் பிரிந்து இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மனிதனும் சிம்பன்சியும் பிரிந்தது ஏறக்குறைய 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். எதியோப்பியாவின் ஹடார் என்னுமிடத்தில் 1974இல் கண்டெடுக்கப்பட்ட, 'லூசி' என்று பெயரிடப்பட்ட எலும்புக்கூட்டின் வயது 32 இலட்சம் ஆண்டுகள். அவள் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தாள். ஆனால் மண்டையோடு சிம்பன்சியின் அளவுக்குச் சிறியது. மூளை பெருத்ததால் மனிதன் நிமிரவில்லை. நிமிர்ந்து நெடுங்காலம் சென்ற பிறகே மூளை பெருத்தது என்பதை லூசி காட்டினாள். அறிவைத் தலையிலிருந்து மட்டுமே அளந்து பழகிய அறிஞர்களுக்கு இது ஒரு பாடம்.

இந்தப் பாடத்தைக் கற்க ஐரோப்பா காலம் தாழ்த்தியதற்கு ஒரு காரணம் உண்டு. 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுன் என்னும் ஊரில் ஆதி மனிதனின் மண்டையோடு கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. பெரிய மூளை, குரங்குத் தாடை. முதல் மனிதன் ஓர் ஆங்கிலேயன் என்பதில் அங்கு பலருக்கு உள்ளூர மகிழ்ச்சி. 1924இல் தென்னாபிரிக்காவின் தவுங் என்னுமிடத்தில் உண்மையான பழைய எச்சமொன்று கிடைத்தது. அதை ஆராய்ந்து றேமண்ட் டார்ட் அறிவித்தபோது, பில்ட்டவுனை நம்பியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1953இல் உண்மை வெளிவந்தது. மனித மண்டையோட்டோடு ஓராங்குட்டான் தாடையை அராவிச் சேர்த்துச் சாயம் பூசிய மோசடி அது. நாற்பது ஆண்டுகள் அறிஞர்களை ஏமாற்றியது அந்தத் தாடை மட்டுமல்ல. எம் மண்ணே முதல் மண் என்ற ஆசையும் சேர்ந்தே ஏமாற்றியது. இந்த ஆசை இங்கிலாந்துக்கு மட்டும் உரியதல்ல என்பதைப் பின்னர் பார்ப்போம்.

நம்மைப் போன்ற மனிதர், அதாவது ஹோமோ சேப்பியன்ஸ், ஆபிரிக்காவில் தோன்றினர் என்பதில் இன்று ஆய்வாளரிடையே பெருமளவு உடன்பாடு உண்டு. மொறோக்கோவின் ஜெபல் இர்ஹூத் குகையில் கிடைத்த எச்சங்கள் ஏறக்குறைய மூன்று இலட்சம் ஆண்டு பழமையானவை என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து வெளியேறிய கூட்டங்களின் வழிவந்தவர்களே இன்று ஆபிரிக்காவுக்கு வெளியே வாழும் நாம் எல்லோரும். வழியில் நியண்டதால் மனிதரோடு கலந்ததன் அடையாளமாக நம் மரபணுவில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு வீதம் அவர்களுடையது என்பதும் 2010 முதல் தெரியவந்திருக்கிறது. இதைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக ஸ்வந்தே பேபோ 2022இல் நோபல் பரிசு பெற்றார். தூய இரத்தம் என்று ஒன்று மனிதனில் எங்குமே இருந்ததில்லை.

ஏணியும் மரமும்

கூர்ப்புக் கொள்கை இலங்கைக்கு வந்த விதமும் கவனிக்கத்தக்கது. டார்வினின் ஜேர்மன் சீடரென்று புகழ்பெற்ற ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881, 82இல் இங்கு வந்து வெலிகமையில் தங்கிக் கடல் உயிரினங்களை ஆராய்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் சுவிற்சலாந்தைச் சேர்ந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற உறவினர் இருவர். வேடர்களின் உடலமைப்பை அளந்து பெருநூல் எழுதினார்கள். 1907இல் மீண்டும் வந்து நில்கல முதலிய குகைகளைத் தோண்டி, இலங்கையில் கற்காலம் இருந்ததென்பதை நிறுவினார்கள். அந்தப் பணி போற்றத்தக்கது.

ஆனால் அன்றைய ஐரோப்பிய அறிஞர் பலருடைய மனதில் இருந்தது ஓர் ஏணி. கீழ்ப்படியில் குரங்கு, அதற்கு மேல் வேடர் போன்ற காட்டு மக்கள், உச்சிப்படியில் ஐரோப்பியர். வேடர்களைத் தேடி வந்தவர்கள் தம் சொந்த ஆதிநிலையைப் பார்க்க வந்தவர்கள் போலவே வந்தார்கள். கூர்ப்பு என்பது ஏணியல்ல, கிளைவிட்ட மரம் என்பதை டார்வினே எழுதியிருந்தும், ஆளும் இனத்துக்கு ஏணிதான் வசதியாக இருந்தது. ஒரு வேடனுக்கும் ஒரு சுவிஸ் அறிஞருக்கும் இடையில் குரங்கிடமிருந்தான தூரத்தில் ஒரு முழம் கூட வேறுபாடில்லை. இருவரும் ஒரே கிளையின் இரண்டு இலைகள்.

இலங்கையரே இந்த ஆய்வைக் கையிலெடுத்த பின்னர்தான் படம் மாறத் தொடங்கியது. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல சப்ரகமுவவின் குகைகளை அகழ்ந்து, பலாங்கொடை மனிதன் என்ற பெயரை நாடறியச் செய்தார். அவருடைய மகன் கலாநிதி சிரான் தெரணியகல 1980களில் குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென குகையை நவீன முறைப்படி அகழ்ந்தார். 1992இல் இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய காலம் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. 2021இல் அவர் காலமானார்.

அந்த அகழ்வில் கிடைத்த சிறு கல்லாயுதங்கள் பெரும் வாதத்தைக் கிளப்பின. பிறை வடிவிலும் முக்கோண வடிவிலும் விரல் நுனியளவுக்குச் செதுக்கப்பட்ட குவார்ட்ஸ் கற்கள் அவை. ஐரோப்பாவில் இத்தகைய ஆயுதங்கள் பெரும்பாலும் பனியுகம் முடிந்த பின்னரே காணப்படுபவை. இங்கோ கரிமக் காலக்கணிப்பு 28,000 ஆண்டுகளுக்கு மேல் சொன்னது. முதலில் நம்ப மறுத்தவர்கள் பலர். இன்று பஹியங்கலவில் அவற்றின் காலம் 45,000 ஆண்டுகளையும் தாண்டிப் போயிருக்கிறது. பஹியங்கலவிலும் பட்டதொம்பலெனவிலும் கிடைத்த மனித எலும்புகள், தென்னாசியாவில் காலம் நன்கு கணிக்கப்பட்ட மிகப் பழைய நவீன மனித எச்சங்களில் அடங்கும். கோர்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெனத் கென்னடி அவற்றை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர்.

இன்னொரு நம்பிக்கையையும் இந்தக் குகைகள் உடைத்தன. மழைக்காடு மனிதனுக்கு ஏற்ற இடமல்ல. இருட்டு, ஈரம், பெருவிலங்கு குறைவு. ஆதி மனிதன் புல்வெளி வழியாகவும் கடற்கரை வழியாகவுமே உலகெங்கும் பரவியிருப்பான் என்றே கருதப்பட்டது. 2015இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வில், இலங்கைக் குகைகளில் கிடைத்த 26 மனிதரின் பற்கள் வேதியியல் முறையில் சோதிக்கப்பட்டன. உண்ட உணவின் தடம் பல்லில் நிற்கும். அவர்கள் காட்டுணவையே நம்பி வாழ்ந்தவர்கள் என்று பற்கள் சொல்லின. 2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு பஹியங்கலவின் எலும்புக் கருவிகளைப் பற்றியது. குரங்கெலும்பைத் தீட்டிக் கூராக்கி அம்பு முனைகளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்தமைக்கான மிகப் பழைய சான்றுகளுள் அதுவும் ஒன்று. கடற்சிப்பியில் செய்த மணிகளும் காவிக்கல்லும் கிடைத்தன. குகைகள் இருப்பதோ உள்நாட்டில். கடற்கரையிலிருந்து சிப்பி அங்கு போய்ச் சேர்ந்ததென்றால், கைமாற்றும் பண்டமாற்றும் அன்றே இருந்திருக்க வேண்டும்.

மரத்தின் உச்சியில் தாவும் சிறு விலங்கை அம்பெய்து வீழ்த்துவது எளிதான காரியமல்ல. வளர்ந்த விலங்குகளையே அவர்கள் பெரும்பாலும் வேட்டையாடினர் என்று எலும்புகள் காட்டுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகள் இப்படி வேட்டையாடியும் எந்த இனமும் அழிந்துபோகவில்லை. அதே செங்குரங்கு இன்று நம் கூரையில் ஓடுகிறது. காட்டை அறிந்து, எடுப்பதற்கு ஓர் அளவு வைத்திருந்தவர்களைக் 'காட்டுமிராண்டி' என்று சொல்வதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

மலையின் நிழலில்

நம் வாசகர்களுள் சிலருக்கு இந்த இடத்தில் ஒரு தயக்கம் வரலாம். பாவா ஆதம் மலையைச் சொந்தம் கொண்டாடும் நாட்டில், ஆதி மனிதன் பற்றி இப்படிப் பேசலாமா? ஆதம் நபி இறங்கிய மலையென்று அரபுப் பயணிகள் எழுதிவைத்த மலை அது. இப்னு பதூதா 1344இல் அதில் ஏறினார். பட்டதொம்பலென இருப்பது அந்த மலையின் மேற்கு அடிவாரப் பக்கத்தில். தென்னாசியாவின் மிகப் பழைய மனிதருள் சிலர் அந்த மலையின் நிழலில் உறங்கிக் கிடந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு செய்தி. ஐதிகத்துக்கு எலும்பைச் சாட்சியாக்கவும் வேண்டாம். எலும்பை மறுக்க ஐதிகத்தைக் கொண்டுவரவும் வேண்டாம். மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்பது ஒரு கேள்வி. அவனுடைய உடல் எந்தக் காலத்தில், எந்த வழியில் இவ்வடிவம் பெற்றது என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவதைத் தோண்டித்தான் அறிய வேண்டும்.

இந்தத் தேட்டத்துக்கு நம் அறிவு மரபு அந்நியமானதும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல் ஜாஹிள் விலங்குகள் பற்றிய தமது பெருநூலில், உயிர்கள் ஒன்றையொன்று உண்டு பிழைப்பதையும் சூழல் அவற்றைப் பாதிப்பதையும் கூர்ந்து கவனித்து எழுதினார். 1377இல் எழுதப்பட்ட 'முகத்திமா'வில் இப்னு கல்தூன், கனிப்பொருள், தாவரம், விலங்கு என்று படைப்பு படிப்படியாகத் தொடர்வதையும், அந்தத் தொடரில் சிந்திக்கும் மனிதனுக்கு முந்திய படியில் குரங்கு இருப்பதையும் குறிப்பிட்டார். இதைக் காட்டி, டார்வினுக்கு முன்பே நாம் எல்லாம் கண்டுவிட்டோம் என்று பெருமை பேசுவது சரியாகாது. அவர்கள் பேசியது படைப்பின் வரிசையை. டார்வின் விளக்கியது அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை. ஆனால் மனிதனையும் குரங்கையும் ஒரே தொடரில் வைத்துப் பார்க்க அவர்கள் அஞ்சவில்லை. அந்த அச்சமின்மையை நாம் இழந்துவிடக் கூடாது.

பல்லேபொலக்கு வடக்கே

பஹியங்கலவும் குருவிட்டவும் மாத்தளை மக்களுக்குத் தூரம். ஆனால் பல்லேபொலயிலிருந்து வடக்கே சென்றால், அதே மாவட்டத்துக்குள்ளேயே தம்புள்ளையும் சீகிரியாவும் வந்துவிடுகின்றன. பாடசாலைச் சுற்றுலா என்றால் சீகிரியாதான். பிள்ளைகள் ஓவியத்தையும் சிங்கப் பாதத்தையும் பார்த்து, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் காசியப்ப மன்னனின் கதையைக் கேட்டுத் திரும்புகிறார்கள். அந்தக் குன்றின் அடியிலேயே அலிகல என்றொரு கல்முகை உண்டு. 1980களின் இறுதியில் அங்கு நடந்த அகழ்வில், காசியப்பனுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே மனிதர் குடியிருந்தமை தெரியவந்தது. கல்லாயுதக் காலத்தின் மேலே இரும்புக் காலப் படையும் அங்கு இருந்தது. சிறிது தூரத்தில் பொத்தான குகையில் மனிதப் புதையல்கள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 6,000 ஆண்டு பழமையானவை.

தம்புள்ளைக்கு அண்மையில் இப்பன்கட்டுவ என்ற இடத்தில் ஒரு பழைய மையவாடி இருக்கிறது. கற்பலகைகளால் பெட்டிபோல் அமைத்து, தாழியிலும் பானையிலும் சாம்பலையும் எலும்பையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 700 முதல் 450 வரை. தென்னிந்தியாவின் பெருங்கற்காலப் புதைகுழிகளோடு இவை உறவுடையவை. இறந்தவரோடு வைத்த அணிகலன்களில் சூதுபவள மணிகளும் உண்டு. அந்தக் கல் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தது. அங்கே படுத்திருப்பவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்று எந்த மணியும் சொல்லவில்லை. பௌத்தம் இத்தீவுக்கு வந்தது அதற்குப் பின்னர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில். சிங்களம், தமிழ், சோனகம் என்று நாம் இன்று பிரித்து வைத்திருக்கும் பெயர்களில் எதையும் அவர்களுக்குச் சூட்ட முடியாது.

அந்த மையவாடிக்குச் சில கிலோமீற்றர் தொலைவில்தான் 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசலை அகற்ற வேண்டுமென்று கூட்டம் திரண்டது. அது புனித பூமி, நீங்கள் பிந்தி வந்தவர்கள் என்பதே வாதம். பலாங்கொடைக்கு அப்பால், நாம் ஜெய்லானி என்றும் சிங்கள மக்கள் கூரகல என்றும் அழைக்கும் மலையிலும் இதே வாதம் பல ஆண்டுகள் நடந்தது. அந்த மலையின் மண்ணுக்குள்ளும் வரலாற்றுக்கு முந்திய மனிதனின் எலும்பும் கல்லாயுதமும் இருந்தன. எந்தத் தரப்பின் கல்வெட்டுக்கும், எந்தத் தரப்பின் கொடியேற்றத்துக்கும் முந்திய குடியிருப்பாளன் அவன்.

யார் வந்தேறி?

'வந்தேறி' என்ற சொல் வெறும் சொல்லல்ல. 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் அது தீயாக மாறியதை நாம் கண்டோம். அதற்கு நாம் வழக்கமாகத் தரும் பதில், நாங்களும் பழையவர்கள்தான் என்பது. அரபு வணிகர் எப்போது வந்தார், எந்த மன்னன் வரவேற்றான் என்று ஆண்டுகளை அடுக்குகிறோம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். அது சட்டசபை ஆசனமும் சமூகத்தின் தனித்துவமும் சம்பந்தப்பட்ட விவாதம் என்பதால் அஸீஸின் மறுப்புக்கு அன்று தேவை இருந்தது. ஆனால் இரு தரப்பும் சேர்ந்து பேசிய காலம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு அப்பால் போகவில்லை. மகாவம்சம் பேசும் காலம் இரண்டாயிரத்து ஐந்நூறு. பஹியங்கலவின் சாம்பல் பேசுவது 45,000. இந்த அளவுகோலில் விஜயனுக்கும் அரபு வணிகனுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு நாளின் அந்திக்கும் மஃரிபுக்கும் உள்ள வித்தியாசம் போன்றது.

விஜயனின் கதையே ஒரு வருகையின் கதைதான். அவன் கரையிறங்கியபோது குவேனி நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்று அந்தக் கதை சொல்கிறது. வந்தவனுக்கு முன்பே இருந்தவர்கள் உண்டு என்பதை வந்தவனின் கதையே ஒப்புக்கொள்கிறது. வேடரின் மூதாதையரும் ஒருநாள் வந்தவர்களே. கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகங்களில் பாக்கு நீரிணை பெரும்பகுதி தரையாக இருந்தது. நடந்தே வரலாம். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் கடல் இறுதியாக அந்த வழியை மூடியது. எனவே இத்தீவில் மனிதன் முளைத்தெழவில்லை. வந்து வந்து சேர்ந்தான். முந்தியும் பிந்தியும் என்பதைத் தவிர வேறுபாடில்லை.

இங்கே மறுபடியும் அந்தச் செங்குரங்கைக் கவனிக்க வேண்டும். அதன் இனக்கூட்டம் தோன்றியதும் ஆபிரிக்காவில்தான். அங்கிருந்து ஆசியாவெங்கும் பரவி, இந்தியாவிலிருந்து தரைவழியாக இத்தீவை அடைந்து, இங்கேயே மாறி வளர்ந்து, உலகில் வேறெங்கும் காணப்படாத தனி இனமாகிவிட்டது. அதை 'இலங்கைக்கே உரிய' விலங்கு என்றுதான் விஞ்ஞானம் குறிக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1771இல் லின்னேயஸ் அதற்கு 'சினிகா', அதாவது சீனத்தது, என்று பெயரிட்டார். சீனத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2023இல் ஓர் இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்து, வழக்கும் எதிர்ப்பும் வந்து கைவிடப்பட்டபோது, அந்தப் பிழையான பெயர் சிலருக்கு நினைவுக்கு வந்திருக்கும். போர்த்துக்கேயர் தம் நாட்டில் தெரிந்த மொறோக்கோ முஸ்லிம்களை நினைத்து நம்மை 'மூர்' என்று அழைத்ததும் இப்படியான பெயரிடல்தான். பெயர் வைத்தவன் தூரத்து நாட்டைச் சொன்னதால், பெயர் சுமப்பவன் அந்த நாட்டவன் ஆகிவிடுவதில்லை.

வந்தது என்பதும் உரியது என்பதும் ஒன்றுக்கொன்று எதிரான சொற்கள் அல்ல. வந்து, தங்கி, இந்த மண்ணின் மழையையும் வெயிலையும் ஏற்று மாறியதெல்லாம் இந்த மண்ணுக்கு உரியதாகின்றன. குரங்குக்கு நாம் தயங்காமல் வழங்கும் இந்த நியாயத்தை மனிதனுக்கு மட்டும் மறுப்பது எப்படி? நாம் கேட்க வேண்டிய நியாயமும் இதுவே. நாங்களும் பழையவர்கள் என்று வயதைக் காட்டி உரிமை கேட்கத் தொடங்கினால், நம்மை விட வயது கூடியவன் எவனாவது வந்து நிற்பான். அந்தப் போட்டியில் கடைசியில் வெல்லப் போவது பஹியங்கலவின் வேட்டைக்காரன் மட்டுமே. அவனோ இன்று நம் எவருக்கும் எதிராக வாதாட வரமாட்டான். அவன் பரம்பரையிலும் சாயல் கொண்டவர்கள் நம் எல்லாச் சமூகங்களிலும் கலந்திருக்கக் கூடும்.

செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மாத்தளை மாவட்டத்துத் தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் அடுத்த முறை சீகிரியாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, குன்றில் ஏறுவதற்கு முன் அலிகலவில் ஒரு கால் மணி நேரம் நிற்கட்டும். திரும்பும் வழியில் இப்பன்கட்டுவவுக்கும் போகட்டும். இவற்றைப் பற்றித் தமிழில், பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்க ஒரு சிறு நூலை நம் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து எழுதலாம். சிங்கள மொழிமூலப் பாடசாலைப் பிள்ளைகளும் அதே நாளில் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். அந்தக் கற்களுக்கு அருகில் நிற்கும்போது இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளும் பிந்தி வந்தவர்களே.